மினுக்கனின் வாலுக்கு வந்த சேதி

சத்தியம்! தலையில் கை வைத்துச் சொல்கிறேன். உங்கள் தலையில் அல்ல, என் தலையில்தான். இப்போது சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய் என்றால் என் வாயில் மிச்சமிருக்கிற பற்கள் இந்தக் கணமே உதிரட்டும். பாருங்கள், ஒன்றுகூட உதிரவில்லை. ஒரு தலைப்பிரட்டையின் வாலுக்குள் நானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன். எப்படிப் போனாய் என்று கேட்காதீர்கள். கேட்டால் கதை நின்றுவிடும்.

காட்டுக்கு நடுவே ஒரு வழுக்குப் பாறை. பாறையின் மடியில் ஒரு குழி. மழை பெய்தால் குழி குட்டையாகும். வெயில் ஏறினால் குட்டை மறுபடியும் குழியாகும். அந்தக் குட்டையில் மினுக்கன் என்றொரு தலைப்பிரட்டை இருந்தான்.

மினுக்கனின் வால் மூங்கில் இலை போல நீளமாக இருக்கும். ஒரு சுண்டு சுண்டினால் குட்டையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் போய்விடுவான். சாயங்காலம் நடக்கிற நீச்சல் பந்தயத்தில் அவனை யாரும் வென்றதில்லை. தூங்கும்போதும் வாலை முன்னால் வளைத்துக் கண்ணுக்கு நேரே வைத்துக்கொண்டுதான் தூங்குவான்.

அவனுக்கு ஒரு தங்கை. பெயர் குட்டச்சி. இரண்டு பேரும் ஒரே முட்டைக் கொத்தில் வந்தவர்கள். யார் முதலில் வெளியே வந்தது என்பதில் வெகுகாலம் சண்டை நடந்தது. கடைசியில் அவன் வாலைப் பார்த்து அவளே விட்டுக்கொடுத்து அண்ணன் என்று கூப்பிட ஆரம்பித்தாள். அவள் வாலைத் தண்ணீருக்குள் வளர்கிற தும்பிக் குஞ்சு ஒன்று கடித்துப் பாதியாக்கியிருந்தது.

ஒருநாள் காலையில் மினுக்கன் பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"மினுக்கா, எனக்குச் சேதி வந்துடுச்சு."

திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. பேசியது அவன் வால்.

"என்ன சேதி?"

"மூட்டை கட்டச் சொல்லிச் சேதி."

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உடம்பு என்பது கோடிக்கணக்கான சின்னச் சின்ன வீடுகள். படித்தவர்கள் அதைச் செல் என்பார்கள். எனக்கு வீடு என்றால்தான் வருகிறது. ஒவ்வொரு வீட்டிலும் சில கிண்ணங்கள் உண்டு. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் ஒரு சாறுதான் பொருந்தும், வேறு சாறு அதில் நிற்காது. சாறு வந்து கிண்ணத்தில் விழுந்தால் அந்த வீட்டுக்குச் சேதி கிடைத்துவிட்டது என்று அர்த்தம். தலைப்பிரட்டை தவளையாக வேண்டிய காலம் வந்தால் அதன் தொண்டையில் ஒரு சாறு ஊறும். ரத்தத்தோடு ஓடி உடம்பு முழுக்கப் போகும். மினுக்கனின் தொண்டையில் அன்றைக்கு அதுதான் ஊறியிருந்தது.

மினுக்கனுக்குக் கோபம் வந்தது.

"யார் அனுப்பின சேதி இது?"

"உன் தொண்டைதான் அனுப்பிச்சது."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

"நீ சொல்லலை. உன் தொண்டை சொல்லிச்சு. உன்னைக் கேட்டா இதெல்லாம் நடக்குது?"

"அதே சாறு காலுக்கும் போயிருக்கு இல்ல? இங்க பாரு, பின்னங்கால் ரெண்டும் மொட்டு விட்டிருக்கு. கால் மட்டும் வளரணும், நீ மட்டும் சாகணுமா? இது என்ன ஓரவஞ்சனை?"

வால் நிதானமாகச் சொன்னது. "சாறு ஒண்ணுதான். வீடு வேற. மழை பெஞ்சா விதை முளைக்குது, அதே மழையில மண்கட்டி கரையுது. மழையைப் போய்த் திட்டுவியா? காலோட வீட்டுல அந்தச் சாறு விழுந்தா 'கட்டு'ன்னு கேக்கும். என் வீட்டுல விழுந்தா 'கலை'ன்னு கேக்கும். அவ்வளவுதான் விஷயம்."

"உனக்குப் பயமா இல்லையா?"

"பயப்பட எங்க நேரம்? வேலை கிடக்கு. ஒவ்வொரு வீட்டையும் பிரிக்கணும். சாமானைச் சின்னச் சின்னப் பொட்டலமா கட்டணும். பக்கத்து வீட்டுக்காரன் வாங்கித் தின்னுக்குவான். அது அப்படியே ரத்தத்துல சேர்ந்து உன் காலுக்கும் வாய்க்கும் போகும். நல்லா நடந்தா உனக்கு ஒரு சின்ன வலிகூடத் தெரியாது."

மினுக்கன் நேராக ஒட்டப்பரிடம் போனான்.

ஒட்டப்பர் அந்தக் குட்டையின் வைத்தியர். ஜாதியில் அட்டை. கல்லுக்கு அடியில் வைத்தியசாலை. என்ன வியாதிக்குப் போனாலும் முதலில் ஒரு வாய் ரத்தம் குடித்துவிட்டுத்தான் பேசுவார். அதுதான் அவர் கட்டணம், சோதனையும் அதுதான்.

ஒட்டப்பர் மினுக்கனின் வாலடியில் வாயை வைத்தார். குடித்தார். கண்ணை மூடிச் சப்புக்கொட்டினார்.

"தம்பி, உன் ரத்தத்துல ஒரு கெட்ட சாறு ஓடுது."

"தெரியுங்க வைத்தியரே. அதுக்குத்தான் வந்தேன். வாலை எப்படியாவது காப்பாத்திக் குடுங்க."

"காப்பாத்தலாம். சாறை நிறுத்த முடியாது. கிண்ணத்தை அடைக்கலாம். தண்ணிச்செடிப் பிசினை என் எச்சில்ல ஊறவச்சு வாலுக்குள்ள ஏத்துவேன். எல்லாக் கிண்ணமும் அடைஞ்சு போகும். அப்புறம் எவன் வந்து கூப்பிட்டாலும் உன் வாலுக்குக் காது கேக்காது."

"வால் அப்படியே இருக்குமா?"

"கல்லு மாதிரி இருக்கும்."

"கட்டணம் எவ்வளவுங்க?"

"என்ன பெரிய கட்டணம். தினமும் வந்து ஒரு வாய் குடிச்சிட்டுப் போறேன். நம்ம புள்ளை நீ."

ஒட்டப்பரின் மனசில் இருந்தது வேறு. போன மழைக்காலத்தில் அவரிடம் வைத்தியத்துக்கு வந்த தலைப்பிரட்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் காலை ஊன்றிப் பாறையேறிக் காட்டுக்குள் போய்விட்டன. வைத்தியசாலையில் ஈ ஓட்டக்கூட ஆள் இல்லை. அதற்குப் பிறகு வந்த வெயில் நாட்களை அவர் பட்டினியோடு சேற்றுக்கடியில் கழித்தார். இந்த முறை ஒருவனாவது தண்ணீரிலேயே நிற்கட்டும் என்பது அவர் கணக்கு.

ஒட்டப்பர் வாலின் நுனியிலிருந்து கடித்துக் கடித்துப் பிசினை ஏற்றிக்கொண்டே வந்தார். வாலடிக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார். அங்கேதான் அவர் தினமும் குடிக்க வேண்டும். தான் சாப்பிடுகிற இலையில் தானே பிசினைக் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு விரலிடை அளவு, அதுவும் தவளையின் விரலிடை அளவு, அப்படியே விட்டுவிட்டார்.

"ஆச்சு தம்பி. போய் நீந்து."

மினுக்கன் நீந்தினான். வால் அசைந்தது. கரையவில்லை. குறையவில்லை.

குட்டச்சிக்கும் அதே நாட்களில் தொண்டையில் சாறு ஊறியிருந்தது. அவள் ஒரு வேருக்கு அடியில் போய் அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். பின்னங்கால் நீண்டது. முன்னங்கால் தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. இருந்த பாதி வாலும் நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வந்தது.

மினுக்கன் அவளைச் சுற்றிச் சுற்றி நீந்தினான்.

"என்ன குட்டச்சி, உள்ளதும் போச்சா? எங்கே உன் வால்?"

"தின்னுக்கிட்டிருக்கேன்."

"என்னது?"

"ஆமாண்ணே. வாய் மாறிக்கிட்டு இருக்கு, பாசியைச் சுரண்ட முடியலை. ஈயைப் பிடிக்க நாக்கு இன்னும் வரலை. நடுவுல எதைத் தின்னுறது? வால்தான் கொஞ்சம் கொஞ்சமா உள்ளே வந்து சோறு போடுது."

"சொந்த வாலையா தின்னுவாங்க? சீச்சீ."

"நான் தின்னலைண்ணே. அது ஊட்டுது."

மினுக்கன் சிரித்துவிட்டு வாலைச் சுண்டிப் போனான். ஆனால் அன்றைக்கு ஒரு விஷயம் உறைத்தது. அவனாலும் பாசியைச் சுரண்ட முடியவில்லை. ஒட்டப்பர் பிசின் வைத்தது வாலுக்கு மட்டும்தானே? உடம்பின் மற்ற வீடுகளுக்கெல்லாம் சேதி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருந்தது. அவன் வாயும் அகலமாகிவிட்டது. குடலும் சுருங்கிவிட்டது. செவுள் மூடிக்கொண்டு வந்தது, மூச்சுக்கு மேலே வர வேண்டியிருந்தது. நான்கு காலும் முளைத்துவிட்டன. பசித்தது. ஊட்டுவதற்கு யாரும் இல்லை.

"வாலே," என்று கூப்பிட்டான்.

ஒரு சுண்டு சுண்டிப் பார்த்தான்.

"வாலே! கோபமா?"

வெகுநேரம் கழித்து வாலடியிலிருந்து மட்டும் ஒரு மெல்லிய குரல் வந்தது. "கோபம் எல்லாம் இல்லை. இங்க ஒரு சத்தமும் கேக்கலை. அதான்."

"கேக்கக் கூடாதுன்னுதானே பிசின் வச்சோம்?"

"நீ 'கலை'ன்னு வந்த சேதியை மட்டும் அடைச்சதா நினைச்சிட்ட. எங்களுக்கு இன்னொரு சேதி தினமும் வந்துக்கிட்டே இருக்கும். பக்கத்து வீட்டுலேர்ந்து வரும். 'நாங்க இருக்கோம், நீயும் இரு'ன்னு. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொரு வீடும் இருக்கு. நீ பொறந்த நாளா அது நின்னதே இல்லை, அதனால உனக்குத் தெரியலை. உன் வைத்தியர் எல்லாக் கிண்ணத்தையும் சேர்த்து அடைச்சிட்டார். 'போ'ன்னும் கேக்கலை, 'இரு'ன்னும் கேக்கலை. நுனியில இருந்த வீடெல்லாம் என்ன செய்யிறதுன்னு தெரியாம முழிச்சு, அப்படியே வெடிச்சுப் போயிடுச்சு."

"பொட்டலம் கட்டலையா?"

"யாரு சொல்லிக் கட்டுவாங்க? கூரை விழுந்தா விழுந்த இடத்துல கிடக்கும். அழுகுது மினுக்கா. உனக்கு நாத்தம் வரலை?"

மினுக்கன் வாலை வளைத்துக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தான். நுனி கறுத்திருந்தது. உடம்பு காய்ச்சலாகக் கொதித்தது.

அவன் தட்டுத்தடுமாறிக் கல்லுக்கடியில் போனான்.

"வைத்தியரே, பிசினை எடுத்துடுங்க."

ஒட்டப்பர் வாயைத் துடைத்துக்கொண்டார். "ஒட்டத் தெரியும் தம்பி. எடுக்கத் தெரியாது. எங்க குடும்பத்துலயே அது கிடையாது."

"நான் செத்துப் போயிடுவேன் வைத்தியரே."

"அப்படியெல்லாம் பேசக் கூடாது. நாளைக்குக் குடிச்சுப் பார்த்துச் சொல்றேன்."

மறுநாள் வெயில் வேறு மாதிரி இருந்தது. குட்டை மறுபடி குழியாக ஆரம்பித்தது. தண்ணீர் சுருங்கி நடுவில் ஒரு தாம்பாளம் அளவுக்கு வந்தது. சுற்றிலும் சேறு. கால் உள்ளவர்கள் எல்லாரும் பாறையேறிப் போய்விட்டார்கள். குட்டச்சியும் குட்டி வாலோடு ஏறிவிட்டாள். மினுக்கன் மட்டும் சேற்றில் கிடந்தான். நான்கு காலும் இருந்தன. எம்பிக் குதித்தான். பின்னால் கறுத்த வால் ஈரத்துணி போல இழுத்தது. பாறையில் பாதி ஏறிச் சறுக்கி மறுபடி சேற்றிலேயே விழுந்தான்.

அப்போது ஓர் அண்டங்காக்கை வந்து சேற்றில் இறங்கியது. வற்றுகிற குட்டை என்றால் அதற்குப் பந்தி விரித்த மாதிரி. அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு கல்லாகப் புரட்டித் தின்றுகொண்டே நடந்து வந்தது.

பாறை மேலிருந்து குட்டச்சி கத்தினாள். "அண்ணே, காக்கா! குதிண்ணே!"

"முடியலை குட்டச்சி. வால் விட மாட்டேங்குது."

"வால் விட மாட்டேங்குதா? நீதானே வாலை விடலை?"

அந்த நேரத்திலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை. இதில் வெட்கப்பட அவனுக்கு நேரமில்லை.

வாலடியிலிருந்து குரல் வந்தது. "மினுக்கா, கேளு. இந்த வைத்தியன் தான் குடிக்கிறதுக்குன்னு ஒரு துண்டு இடத்தை விட்டு வச்சான் பார், அங்க பிசின் இல்லை. அங்க இருக்கிற வீடுகளுக்கு மட்டும் இன்னும் காது கேக்குது. உன் தொண்டைச் சாறு எங்க கிண்ணத்துல எப்பவோ விழுந்தாச்சு. வேலையும் பாதி முடிஞ்சுது. மிச்சத்தை முடிச்சா இந்த இடம் அறுந்து, அழுகினது தானா கழண்டுக்கும். ஆனா நீ துள்ளுற ஒவ்வொரு துள்ளலுக்கும் கட்டின பொட்டலமெல்லாம் சிதறுது. சும்மா கிட."

"காக்கா வருதே."

"தெரியும்."

"சும்மா கிடந்தா தின்னுடுமே."

"துள்ளினாலும் தின்னும். கிட."

மினுக்கன் பிறந்ததிலிருந்து சும்மா கிடந்தவன் இல்லை. அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கிடந்தான். காக்கையின் கால் சேற்றில் புதைந்து எழுகிற சத்தம் கேட்டது. அவன் அசையவில்லை.

அந்தச் சமயம் பார்த்து ஒட்டப்பர் வந்தார். சேற்றுக்கடியில் புதையுமுன் வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பது அவர் அவசரம். வழக்கமாகக் குடிக்கிற இடத்தில் வாயை வைத்தார். அங்கே ரத்தம் வரத்து நின்றிருந்தது. வீடுகள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தன. "என்னடா இது, வறண்டு கிடக்கு," என்று முணுமுணுத்துக்கொண்டு கொஞ்சம் கீழே தள்ளிக் கறுத்த பக்கத்தில் நன்றாக அழுத்திக் கடித்தார். வெயிலில் பிசின் இளகிப் பாகாக இருந்தது. வாய் ஒட்டிக்கொண்டது.

"ம்ம்," என்றார் ஒட்டப்பர். பின்பக்கத்தை ஊன்றி இழுத்தார். அதுவும் ஒட்டிக்கொண்டது.

"வைத்தியர் ஏதோ சொல்றார்," என்றான் மினுக்கன், அசையாமல்.

"அவருக்கு எடுக்கத் தெரியாதாம்," என்றது வால்.

காக்கை தலையைச் சாய்த்துப் பார்த்தது. கறுப்பாக ஒன்று. அதன் மேல் கொழுகொழுவென்று ஒன்று. காக்கைக்கு எதிலிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. ஓர் எட்டு முன்னால் வைத்தது.

"மினுக்கா," என்றது வால். குரல் இப்போது நூல் போல இருந்தது. "கடைசி வீட்டைக் கட்டிக்கிட்டிருக்கேன். முடிஞ்சுது. நான் போறேன்."

மினுக்கன் அசையாமலே சொன்னான். "'போறேன்'னு சொல்லாதே. 'போயிட்டு வர்றேன்'னு சொல்லு."

"வர மாட்டேனே. பொய் எதுக்கு? குதி."

மினுக்கன் குதித்தான். பின்னால் எதுவும் இழுக்கவில்லை. பின்னங்கால் இரண்டும் விறைத்து நீண்டன. அவன் அதற்கு முன் போகாத உயரத்துக்குப் போய்ப் பாறையின் நடுவில் விழுந்தான். மறுபடி குதித்தான். குட்டச்சியின் பக்கத்தில் போய் விழுந்து மூச்சு வாங்கினான்.

கீழே காக்கை கறுத்த வாலை அலகில் தூக்கியது. வாலோடு சேர்ந்து ஒட்டப்பரும் மேலே போனார். கடைசிவரை அவரால் வாயை எடுக்க முடியவில்லை.

மினுக்கன் பிழைத்தான். ஆனால் அந்தப் பாறையிலேயே சின்னத் தவளை அவன்தான். மற்றவர்களுக்கெல்லாம் வால் வழிச்சாப்பாடு போட்டு அனுப்பியிருந்தது. அவனுக்குக் கிடைத்தது அந்த ஒரு துண்டு இடம் கட்டிக்கொடுத்த பொட்டலம் மட்டுந்தான். அவன் கத்தினால் பக்கத்து இலைக்குக்கூடக் கேட்காது.

ஒரு மழை நாளில் குட்டச்சி அவனிடம் கேட்டாள்.

"அண்ணே, கடைசியா உன் வால் உன்கிட்ட என்ன சொல்லிச்சு?"

"குதின்னு சொல்லிச்சு."

"வேற ஒண்ணும் சொல்லலையா?"

"சொல்லியிருக்கும். அதுக்குள்ள குதிச்சிட்டேன்."

குட்டச்சி கொஞ்சம் நகர்ந்து, மழை படாத இலையின் அடியில் அவனுக்கு இடம் விட்டாள்.

போக வேண்டியதை அதன் நேரத்தில் முறையாகப் போகவிடாமல் காதை அடைத்துப் பிடித்து வைப்பவன், அதையும் காப்பாற்ற மாட்டான், அது விட்டுச் செல்ல வந்த நன்மையையும் இழப்பான்.

கதை இவ்வளவுதான். ஒரே ஒரு வேண்டுகோள். இதை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லுங்கள், சொன்னது நான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். ஒட்டப்பரின் சொந்தக்காரர்கள் நான் குளிக்கிற ஓடையில்தான் வைத்தியசாலை வைத்திருக்கிறார்கள்.